பட்டறையில் ஓர் எலி

அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். வாய் அதற்குப் பிறகுதான் திறக்கும். அன்று காலை பட்டறைக் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி, அதன் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவளின் மூக்கு நன்றாகவே சிவந்திருந்தது.

"இங்க பாருடா பொக்கை. மறுபடியும் கடிச்சு வெச்சிருக்கு."

அவள் உள்ளங்கையில் நாலைந்து மரத்துண்டுகள். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான குச்சிகளின் வெட்டுப்பட்ட நுனிகள். ஒவ்வொன்றிலும் பல் பதிந்த பள்ளம் இருந்தது. சிலவற்றில் பள்ளம் ஆழமாக இறங்கி நார் பிய்ந்துபோயிருந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து பஞ்சு மரங்களுக்குப் பச்சை வண்ணம் தோய்த்துக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தான்.

"பெரிய எலியா இருக்கும்போல."

"எலியோ பெருச்சாளியோ, இருக்கற மரத்தையெல்லாம் அதுவே தின்னு தீர்த்துட்டா நான் எதை வெச்சு மாடல் பண்றது? உன் தலையை வெச்சா?"

"என் தலை வேணாம்க்கா. உள்ள ஒண்ணும் இல்ல. தட்டினா சத்தம் வரும்."

அக்கா சிரித்துவிட்டாள். அவன் வாயிலிருந்து இந்த மாதிரிப் பேச்சு வந்தே வெகுநாள் ஆயிற்று. எலி வந்ததிலாவது ஒரு நல்லது நடந்ததே என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததை எண்ணிப் பின்னால் அவள் எவ்வளவு கூசிப்போனாள் என்பதைச் சொல்லி மாளாது.

அவர்கள் செய்தது மாடல் தொழில். இனிமேல் கட்டப்போகிற கட்டிடத்தை முன்கூட்டியே மேசைமேல் வைக்கிற அளவுக்குச் சின்னதாகச் செய்து கொடுப்பார்கள். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை அனுப்புவார். சுவர், படி, ஜன்னல், கைப்பிடி என்று எல்லாவற்றையும் மரத்திலும் அட்டையிலும் செய்து, கடைசியில் சுற்றிலும் பஞ்சு மரங்களை நட்டு, கண்ணாடிப் பெட்டியால் மூடிக் கொடுத்துவிட வேண்டும். பட்டறை ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குக் கீழே இருந்தது. ஒரே நீள அறை, முன்னால் ஷட்டர், பின்னால் மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரி. மேலே டாக்டர் பல்லைக் குடையும்போதெல்லாம் அந்தக் கூரான சத்தம் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே வரும்.

"மேலேயே டாக்டரை வெச்சுக்கிட்டு ஒடைஞ்ச பல்லோட திரியறியே, அந்த மனுஷன் தெனமும் உன் மூஞ்சியைப் பாத்துட்டுல்ல மாடி ஏறறாரு, பாவம்" என்று அக்கா அவனைக் கேலி செய்வாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து குப்புற விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. அன்று அவள் வைத்த பெயர்தான் பொக்கை. கல்யாண வீட்டில் மணமகனாக உட்கார்ந்திருந்தபோதுகூட அதே பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

இருவரும் சேர்ந்து தொடங்கிய பட்டறை அது. வெட்டுவது அவன் வேலை, ஒட்டுவது அவள் வேலை. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டதில்லை, தானாக அமைந்துவிட்டது. மேசைமேல் வைக்கும் சின்ன வட்ட ரம்பம் ஒன்று வைத்திருந்தான். அதில் அவன் குச்சி அறுத்தால் நூறு குச்சியும் ஒரு வயிற்றில் பிறந்ததுபோல இருக்கும். அவன் வெட்டித் தந்ததை அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவாள்.

அந்த ரம்பம்தான் அவனுடைய இடது கையைத் தின்றது. துண்டு சிறுத்துவிட்டால் தள்ளுவதற்கென்று ஒரு கட்டை உண்டு. அன்று கட்டை கைக்கெட்டாத தூரத்தில் கிடந்தது. எழுந்துபோய் எடுக்கச் சோம்பல்பட்டு விரலாலேயே தள்ளினான். அவ்வளவுதான் நடந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் மூன்றும் அடியோடு போயின. சுண்டுவிரல் இருந்ததே தவிர மடங்கவில்லை. ரத்தத்தைத் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அக்காதான். திரும்பி வந்து தரையைக் கழுவியவளும் அவள்தான். அன்றைக்குப் பிறகு மேலே பல் டாக்டர் மெஷினைப் போட்டாலே அவள் தோள் தூக்கிப்போடும்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் வட்ட ரம்பம், துளைக்கிற மெஷின், தேய்க்கிற மெஷின் மூன்றையும் மாடிப்படி அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். விற்கவும் மனம் வரவில்லை; இன்னொருவன் விரல் போவதற்கு நாம் ஏன் வழி செய்ய வேண்டும் என்று நினைத்தாள். அதற்குப் பதிலாகக் கைக்கருவிகளை வாங்கினாள். முதுகில் பித்தளைப் பட்டி வைத்த சின்னக் கைரம்பம், ஊசிபோன்ற அரங்கள், உருட்டித் துளைக்கிற கைத்துளைப்பான், விதவிதமான உப்புத்தாள்.

முதலில் அழாத குறையாகத்தான் வேலை நடந்தது. ஒரு ஜன்னல் சட்டத்துக்கு ஒரு பொழுது போனது. போகப்போகக் கை பழகியது. ரம்பத்தை அழுத்தாமல் அதன் பாட்டுக்கு விட்டால் நேராகப் போகும் என்று தெரிந்தது. அரத்தை ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது என்று தெரிந்தது. கருவி மரத்தில் கரகரவென்று ஓடுகிற சத்தம் அவளுக்குப் பிடித்துப்போனது. பட்டறையில் தூசி குறைந்தது, பேசினால் காது கேட்டது. இதற்கு நடுவில் ஆர்க்கிடெக்ட் அம்மா ஒருத்தி வந்து மாடலைத் தடவிப் பார்த்து, "கையால பண்ணதா? அதான் உயிரோட இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா இருப்பாளா அக்கா? 'மெஷின் இல்லாமல், கையால் மட்டும்' என்று விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துவிட்டாள். பயத்தில் எடுத்த கருவி கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமையாக மாறிவிட்டது. கார்டைப் பார்த்த தம்பி, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அதை மேசையில் குப்புற வைத்தான்.

அவனுக்கு என்ன வேலை? மரம் நடுவதுதான். கம்பியை முறுக்கிப் பஞ்சை ஒட்டிப் பச்சை தோய்ப்பதற்கு ஒன்றரைக் கை போதும். "வனத்துறை அமைச்சர்" என்று அக்கா அவனுக்குப் பட்டம் கொடுத்தாள். ஆரம்பத்தில் அவனும் சேர்ந்து சிரித்தான். அமைச்சருக்கு நாளெல்லாம் வேலை இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். நன்றாகச் சாப்பிடுகிறவன், நன்றாகச் சண்டை போடுகிறவன், இப்போது எதைக் கேட்டாலும் "சரிக்கா" என்றான்.

அவன் மனைவியின் அண்ணன் வேறொரு ஊரில் பார்சல் கிடங்கு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். வருகிற மூட்டையை எண்ண வேண்டும், போகிற மூட்டையை எண்ண வேண்டும். உட்கார்ந்த வேலை, கை தேவையில்லை, வந்துவிடு என்று மச்சான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "கையில இருக்கற மாடல் முடியட்டும், சொல்றேன்" என்று இவனும் தள்ளிக்கொண்டே வந்தான். அக்காவுக்கு இது தெரியும். ஒவ்வொரு மாடல் முடியும்போதும் அடுத்த வரைபடத்தை உடனே அவன் முன்னால் விரிப்பாள். அவன் போய்விட்டால் இந்த நீள அறையில் அவளும் ரம்பமும் மட்டும்தான். அதைவிட, மூட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இங்கேயே இருக்கட்டும், பத்திரமாக இருக்கட்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

சரி, எலி.

பொறி வைத்தாள், சிக்கவில்லை. மூலை முடுக்கெல்லாம் தேடியும் ஒரு புழுக்கைகூடக் கண்ணில் படவில்லை. கடைசியில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். கண் எரிந்து பட்டறை முழுக்க இருமல் எழுந்தது. மெல்லிய மரம் நனைந்தால் வளைந்துவிடும். அதனால் துணியைக் காரத் தண்ணீரில் முக்கி இறுக்கிப் பிழிந்து, குச்சி, மெல்லிய பலகை என்று ஒவ்வொன்றாக ஈரம் பட்டும் படாமலும் துடைத்து, பெரிய பலகைக்கு அடியில் வைத்து, மேலே கனம் ஏற்றிக் காயப்போட்டாள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தம்பியைக் கூப்பிட்டாள். அவனும் வலது கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

"காரம் ஜாஸ்தியா போட்டிருக்கியே."

"கடிச்சா ஜென்மத்துக்கும் மறக்கக் கூடாது."

"எரியுமேக்கா."

"எலிக்குப் பாவம் பாக்கறியா? நல்லா எரியட்டும். வாயே வெந்து போகட்டும்."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கிண்ணம் லேசாக ஆடியது. ஆவி மூக்கில் ஏறியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கூடையில் ஒரு கடிபட்ட துண்டுகூட விழவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஊரை விட்டே ஓடிப்போச்சு" என்று மார்தட்டிக்கொண்டாள். அந்த வாரத்தில்தான் தம்பி மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"என்னன்னே தெரியல அண்ணி, வாயெல்லாம் புண்ணு. காரமே ஆகலைங்கறாரு. பால்ல ரொட்டியை ஊறவெச்சுக் குடுன்னு கேக்கறாரு, பச்சைப் புள்ள மாதிரி."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பியின் உதட்டோரம் தடித்துச் சிவந்திருந்தது. "என்னடா இது?"

"சூடு. ஒடம்பு சூடு."

"மேலதான் டாக்டர் இருக்காரே. போய்க் காட்டேன்."

"அவரு எதுக்கெடுத்தாலும் மெஷினை எடுத்துடுவாரு. நம்ம மெஷினே ஆகாத குடும்பமாச்சே."

அக்காவும் தம்பி மனைவியும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உதடு வலித்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்போது கையில் இருந்தது ஒரு நூலகத்தின் மாடல். வெயில் உள்ளே அடிக்காமல் இருக்க மேற்குச் சுவர் நெடுக மரச்சட்டங்கள் வைப்பதாக வரைபடத்தில் இருந்தது. மாடலில் அவை ஈர்க்குச்சி அளவு. ஒன்றுபோல் ஒன்று இருக்க வேண்டும். ஓர் இழை கூடினாலும் வரிசை பல் இளிக்கும். அக்கா அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, மேற்குச் சுவரை முடிக்கும் தறுவாயில் ஆர்க்கிடெக்ட் அம்மாவிடமிருந்து போன் வந்தது. நாலு பக்கமும் சட்டம் வரட்டும், முன்னைவிட நெருக்கமாக வரட்டும், பார்வைக்கு வைக்கிற தேதியையும் முன்னால் தள்ளிவிட்டார்கள், உங்களை நம்பித்தான் இருக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ரம்பத்தை வெளிய எடுத்தா ஒரே பொழுதுல முடிச்சிடலாம்" என்றான் தம்பி.

"எந்த ரம்பத்தை?"

"எதுன்னு உனக்குத் தெரியும். நான் அறுக்கறேன்."

"அந்தப் பேச்சை எடுக்காதே."

"சரி, எடுக்கல. கைரம்பத்தைக் குடு. அதுலயே அறுக்கறேன்."

அவள் அவனுடைய இடது கையைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டும் பார்த்தாள். "எப்படிடா பிடிப்பே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வைஸ் என்கிற இறுக்குப்பிடியில் வைத்துப் பார்த்த கதை இருவருக்கும் தெரியும். இறுக்கினால் மெல்லிய குச்சி நசுங்கும், தளர்த்தினால் துள்ளும். ஒவ்வொரு இழைக்கும் குச்சியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், கொஞ்சம் திருப்ப வேண்டும். வைஸ் பிடித்த பிடியை விடாது. அதற்கு விரல்தான் வேண்டும்.

"நீ மரத்தைக் கவனி, அமைச்சரே" என்று அவன் தோளில் தட்டினாள். சூழ்நிலையை இலேசாக்கத்தான் சொன்னாள். அவன் பஞ்சை எடுத்தான், கீழே வைத்தான்.

"மச்சான் நாளைக்குள்ள பதில் சொல்லணும்னுட்டாரு. அந்த இடத்துக்கு வேற ஆளு கேக்கறாங்களாம்."

"நீ என்ன சொல்லப்போறே?"

"பாக்கலாம்" என்றான். அவளை அல்ல, மாடிப்படி அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மறுநாள் மதியம் அக்கா மேற்குச் சுவரை மட்டும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். காலில் விழாத குறையாகக் கேட்டாவது மற்ற மூன்று பக்கங்களையும் குறைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். போனால் அந்த அம்மா வெளியே போயிருந்தாள், எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினாள்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. கூரான, இழுத்துப் பிடித்த சத்தம். பல் டாக்டர் என்று நினைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். மாடியில் கிளினிக் பூட்டிக் கிடந்தது; 'இன்று விடுமுறை' என்று பலகை தொங்கியது.

கையிலிருந்த பெட்டி என்ன ஆனது என்று அவளுக்கு நினைவில்லை. ஓடினாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள். மாடிப்படி அலமாரியில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவுதான் கீல் திருகுகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேசைமேல் வட்ட ரம்பம் சுழன்றுகொண்டிருந்தது. அதன்முன் முதுகைக் காட்டிக்கொண்டு தம்பி நின்றான். வலது கை எதையோ முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

இதையெல்லாம் அவள் கண் பார்த்தது, ஆனால் மனம் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுழலுகிற பல்லும் பழைய ரத்தமும்தான். சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தாள்.

விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. ரம்பம் ஒரு முனகலோடு ஓய்ந்தது. பாதி அறுபட்ட குச்சிக்குள் பல் சிக்கி நின்றது.

"ஏன்க்கா?" என்றான் அவன். திரும்பிய முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வடிந்தது.

"ஏனா? ஏன்னா கேக்கறே? மிச்சம் இருக்கற கையும் போகட்டும்னு பாக்கறியா? அதுவும் போச்சுன்னா உனக்கு யாருடா ஊட்டி விடுவா? உன் பொண்டாட்டி தலையில கட்டலாம்னு நெனப்பா? நான் எத்தனை தடவைடா உன் ரத்தத்தைக் கழுவறது?" வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். நடுநடுவே அழுதாள். அழுதுகொண்டே, "போய் மூட்டையையே எண்ணு. அதுதான் உனக்கு லாயக்கு" என்றும் சொல்லிவிட்டாள்.

அவன் முழுவதும் கேட்டான். சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டான்.

"கைரம்பத்துக்கு ரெண்டு கை வேணும்க்கா. ஒண்ணு அறுக்க, ஒண்ணு புடிக்க. அரத்துக்கும் ரெண்டு வேணும். உப்புத்தாளுக்கும் ரெண்டு வேணும். மெஷினுக்கு ஒண்ணு போதும்." ஓய்ந்துபோன ரம்பத்தைப் பார்த்தான். "என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அதனாலதான் எடுத்தேன்."

"வியாக்கியானம் பேசாதே."

"பேசல" என்று சொல்லிவிட்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனான்.

ராத்திரி போன் செய்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். சண்டை போட்டால் முதலில் இறங்கி வருகிறவன் எப்போதும் அவன்தான். போன் வரவில்லை. நானே பண்ணலாமா என்று எடுத்தாள். அவனல்லவா தப்பு செய்தான், அவனே பண்ணட்டும் என்று வைத்துவிட்டாள். அந்த வீம்புக்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

காலையில் பட்டறைக்கு வந்தபோது அவன் வந்திருக்கவில்லை. உள்ளே இருட்டாக இருந்தது. நேற்று இழுத்த மெயின் சுவிட்ச் அப்படியே கிடப்பது நினைவுக்கு வர, அதை மேலே தள்ளிவிட்டாள்.

ரம்பம் அலறிக்கொண்டு கிளம்பியது. நேற்று அதன் சொந்த சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அணைக்க வேண்டுமானால் பக்கத்தில் போக வேண்டும். ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்காமல், மேசையை நோக்கி ஒவ்வொரு அடியாக நகர்ந்தாள். அருகில் போனபிறகுதான் அதைப் பார்த்தாள்.

ரம்பத்தின் பல்லுக்குமேல் கூடாரம்போல ஒரு கண்ணாடி அட்டை மூடியிருந்தது. விரல் உள்ளே போக வழியே இல்லை. அதற்கு முன்னால் மரத்தில் செய்த ஒரு தள்ளுபலகை. துணி காயப்போடுகிற கிளிப்புகள் அதன்மேல் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தவை அவைதான். ஓரத்தில் அளவுக்கு ஒரு தடுப்பு. பின்னால் உள்ளங்கை பதிகிற மாதிரி உருட்டிய ஒரு கைப்பிடி. பாதி அறுபட்ட குச்சி இன்னும் கிளிப்பில் இருந்தது.

அவள் வலது கையைக் கைப்பிடியில் வைத்தாள். மற்றக் கை எங்கே போவதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. தள்ளினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் குச்சி இரண்டானது. பல் அவள் கையிலிருந்து ஒரு சாண் தள்ளியே சுழன்றது. சுவிட்சை அணைத்தாள்.

மேசையின் மறுகோடியில் நேற்று அவன் அறுத்த குச்சிகள் துணிமேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு பக்கச் சுவர்களுக்குப் போதும். அள்ளி நிறுத்திப் பார்த்தாள். தலை ஒன்றுகூட நீட்டவில்லை. நூறும் ஒரு வயிற்றில் பிறந்தவைதான்.

எதற்கென்று தெரியாமலே தள்ளுபலகையைத் தூக்கித் திருப்பினாள். மேல்புறம் வழவழவென்று இருந்தது, கீழ்ப்புறத்தில்தான் தெரிந்தது. அதைச் சேர்த்துக் கட்டியிருந்த ஒவ்வொரு மரத்துண்டின் நுனியிலும் பல் பதிந்திருந்தது.

முதலில் எலி என்றுதான் நினைத்தாள். பழக்க தோஷம். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வளைவாக ஒரு வரிசைப் பள்ளம், அகலமான பற்கள். வரிசையின் நடுவில் ஓர் இடம் மட்டும் பாதிதான் பதிந்திருந்தது. மீதிப் பாதியில் மரம் மரமாகவே இருந்தது. அடுத்த துண்டைப் பார்த்தாள். அதிலும் அதே இடத்தில் பாதி. அதற்கடுத்ததிலும்.

பிடிக்க ஒரு கை இல்லாதவன் வேறு எதால் பிடிப்பான்? அவள் மதியங்களில் வெளியே போனபோதெல்லாம் ஒரு முனையைப் பல்லால் கவ்விக்கொண்டு, குனிந்து, வலது கையால் ரம்பத்தை இழுத்திருக்கிறான். கடித்த நுனியை வெட்டிக் கூடையில் போட்டிருக்கிறான். காரம் தடவியபிறகு கூடையில் போடாமல் இந்தப் பலகையின் அடியில் மறைத்திருக்கிறான். கழுவினால் மரம் வளைந்துவிடும் என்று கழுவாமலே கவ்வியிருக்கிறான். காரம் தடவும்போது அவன் கையிலேயே கிண்ணத்தைக் கொடுத்து, வாயே வெந்து போகட்டும் என்று அவள்தான் சொன்னாள்.

அக்கா பலகையில் பல் பதிந்த ஒரு நுனியை உதட்டில் வைத்துப் பார்த்தாள். இத்தனை நாளான பிறகும் சுரீரென்று எரிந்தது. எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை எழவில்லை.

பிறகு போனைத் தேடி எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவன் மனைவியைக் கூப்பிட்டாள்.

"அவன் எங்கம்மா? அவன்கிட்ட குடு."

"கிளம்பிட்டாரே அண்ணி. உங்ககிட்ட சொல்லலையா? விடிகாலை பஸ்ஸுக்கே போயாச்சு. எங்க அண்ணன் இன்னைக்கே வந்து சேந்துக்கச் சொல்லிட்டாங்க. வீடு பாத்துட்டு என்னைக் கூப்டுக்கறேன்னாரு." அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது.

அக்கா தள்ளுபலகையை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

"ஆங், மறந்துட்டேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இனிமே எலி வராதாம், மரத்துக்கு மிளகாத் தண்ணி தடவ வேணாம்னு அக்காகிட்ட சொல்லுன்னாரு. பட்டறையில எலித் தொல்லையா அண்ணி? என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே."

வெளியே யாரோ மாடி ஏறிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே டாக்டரின் மெஷின் சத்தம் தொடங்கியது. அக்காவின் தோள் தூக்கிப்போடவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "ஒரு எலி இருந்துச்சு."